மல்லாட்டை என்று எழுதிவிட்டேன்

வியாழன், இரவு

தன் தங்கையையே கொன்ற ஒருவனின் கதையைப் பாட்டுப்பாட்டாகச் சொல்லும் அந்த ராக் ஆல்பத்தைக் கூடப் படிக்கும் நித்யாவுக்குக் கேட்கக் கொடுத்ததே நான்தான். கடைசிப் பாட்டில் அவன் அழுவது நடிப்பு என்று சொன்னதும் நான். அதை அவள் யூடியூபில் தன் கருத்தாக எழுதிவிட்டாள். ஆல்பம் கேட்டவர்கள் எல்லாம் அவளைப் புகழ்கிறார்கள். பொறுக்க முடியாமல் நேற்று அதன் கீழேயே பொய்ப் பெயரில், "உன் கருத்து வெறும் மல்லாட்டைத் தோல், உள்ளே ஒன்றுமில்லை" என்று எழுதினேன்.

இன்று திண்டிவனம் பஸ்ஸில், வழக்கம்போல் நான் பிடித்து வைத்த சீட்டில் உட்கார்ந்துகொண்டு, அவள் அதை எல்லோருக்கும் படித்துக் காட்டினாள்.

"வேர்க்கடலைய மல்லாட்டைன்றா பாரு, நம்ம பக்கத்துக்காரிதான்டி. யாருன்னு தேடிக்கினுதான் இருக்கேன்."

நானும் சிரித்து வைத்தேன்.

அழித்துவிடலாமென்று இப்போது போர்வைக்குள் அம்மாவின் போனைத் திறந்தால், அந்தப் பொய்ப் பெயருக்கு அவள் பதில் எழுதியிருக்கிறாள்: "நாளைக்கும் பஸ்ல எனக்கு சீட்டு புடிச்சு வைடி."