மூன்றாம் தேதி வந்த கடிதம்

3-10-2005, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை, புழுக்கம்தான். ஐந்தரைக்குப் போன கரண்ட் ஏழுக்கு வந்தது. அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஜி.எம். வந்ததும் வராததுமாகக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். பிரான்ஸ் தலைமை ஆபீசிலிருந்து ஃபாக்ஸில் ஒரு கடிதம், மூன்று பக்கம். அவர் எதிரிலேயே உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டுமாம். பதினொரு வருஷ மொழிபெயர்ப்பு வேலையில் இப்படி முதல் முறை.

முதல் பத்தியிலேயே விஷயம். கார்ட்லெஸ் டெலிபோன் தயாரிக்கும் லைன் முழுவதும் டிசம்பர் முடிவுக்குள் தென் சீனாவுக்குப் போகிறது. புதுச்சேரியில் உற்பத்தி நிறுத்தம். நல்ல மெஷின்கள் கப்பலில். ஆட்களைப் பற்றி நாலு வரி.

காரணங்கள் வரிசையாக. பிளாஸ்டிக், சர்க்யூட் போர்டு, பாட்டரி எல்லாமே அங்கிருந்துதான் வருகின்றன. சென்னையில் இறங்கி, லாரியில் இங்கே வந்து, நாம் மாட்டி, மறுபடி கப்பல் ஏற்ற வேண்டியிருக்கிறது. வரிச் சலுகைக் காலம் முடிந்துவிட்டது. சனங்கள் செல்போனுக்குப் போய்விட்டார்கள், விலையைக் குறைத்தால்தான் இந்த செட் விற்கும். படித்தால் எல்லாமே நியாயமாகத் தெரிகிறது. அதுதான் எரிச்சல்.

28ஆம் தேதி அறிவிப்பு. அதுவரை இங்கே மூன்று பேருக்குத்தான் தெரியும்: ஜி.எம்., கணக்கு மேனேஜர், நான். வெளியே போனால் லைன் நின்றுவிடும், கடைசி ஆர்டர் கெட்டுவிடும், செட்டில்மென்ட் இழுத்துக்கொண்டே போகும் என்று சொல்லி ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். எனக்கு மட்டும் ஜூன் வரை வேலை உண்டாம், பேப்பர்களை முடித்துக் கொடுக்க. நன்றி சொன்னேன். ஏன் சொன்னேன்?

மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

5-10, புதன்

பிரான்சிலிருந்து இன்ஜினியர் பெர்னார் வந்தார். கூடவே சீனாவிலிருந்து இரண்டு பேர். காமிராவும் கையுமாக ஒரு ஆள். லீ என்று ஒரு பெண், இருபத்திரண்டு இருக்கும். அவளுக்குக் கடைசி டெஸ்டிங் வேலையைச் சொல்லிக்கொடுக்க, அதே வேலை பார்க்கும் செல்வியைப் போட்டார்கள். வேறு யாரைப் போடுவார்கள்? லைனில் நல்ல காது அவளுக்குத்தான்.

கான்டீனில் ஒரே சந்தோஷம். இரண்டாவது லைன் வருகிறதாம். நைட் ஷிப்ட் போடுகிறார்களாம். செல்வி சூப்பர்வைசர் ஆகிவிடுவாளாம். சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்த ஆள்கூட ஒரு கதை வைத்திருந்தான்.

எனக்கு வாய் நீளம் என்று அம்மா சொல்வார். இந்த மாதம் வாயில் கொழுக்கட்டை.

8-10, சனி

அரை நாள். பஸ்ஸில் செல்வி பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தாள், வழக்கம்போல. பையிலிருந்து ஒரு ஃபாரம் எடுத்தாள். கோரிமேடு ஆஸ்பத்திரியில் வார்டு வேலை, கான்ட்ராக்ட். அங்கே கூட்டிப் பெருக்கும் அவள் நாத்தனார் கொண்டுவந்து கொடுத்ததாம். கடைசித் தேதி 20. வயசு வரம்பு முப்பத்தைந்து. செல்விக்கு டிசம்பரில் அது தாண்டுகிறது.

"இந்தத் தடவ விட்டா அவ்ளோதாங்க்கா. அப்புறம் எவன் கூப்புடுவான்?"

சம்பளம் இங்கே வாங்குவதைவிடக் கம்மி. அதனால்தான் யோசனை. பிள்ளைச்சாவடியில் அவள் புருஷனுக்கு இப்போது படகு கிடையாது, போன டிசம்பரில் அலை கொண்டுபோய்விட்டது. யாராவது கூப்பிட்டால் கூலிக்குக் கடலுக்குப் போகிறான், இல்லாவிட்டால் இல்லை. இரண்டு பிள்ளைகள். வீடு இவள் சம்பளத்தில் நிற்கிறது.

நான் என்ன சொன்னேன்? "யோசிச்சு செய் செல்வி." இதைச் சொல்லவா எனக்கு ஒரு வாய்!

11-10, செவ்வாய். ஆயுத பூஜை

பொரி, கடலை, வாழைக்கன்று, பூசணிக்காய் எல்லாம் நேற்றே வந்தாயிற்று. மாதா கோயில் வேதக்காரியாக இருந்தாலும் வருஷா வருஷம் கோலம் என் பொறுப்பு. போட்டேன். கோணலாக வந்தது.

பெர்னார் போன வாரம் சில மெஷின்களில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். இன்சூரன்ஸ் கணக்கு என்று சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறார்கள். பச்சை என்றால் கப்பலில் போவது. லிஸ்ட் டைப் அடித்ததே நான்தான்.

செல்வி தன் டெஸ்ட் பெட்டியை ஈரத்துணியால் துடைத்தாள். நாலு மூலையிலும் சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள், ஒரு முழம் சாமந்தி சுற்றினாள். பச்சை ஸ்டிக்கருக்கு நடுவிலும் ஒரு பொட்டு. லீயைக் கூப்பிட்டு அவள் நெற்றியிலும் வைத்துவிட்டாள். எல்லாரும் கை தட்டினார்கள். காமிராக்காரன் அதையும் எடுத்தான்.



13-10, வியாழன்

வேலைமுறைக் குறிப்பு எழுதும் நாள். செல்வி செய்துகாட்ட, பெர்னார் கேட்க, நடுவில் நான்.

படி 1 முதல் 7 வரை தகராறு இல்லை. செட்டை பெட்டியில் வை, ஆன்டெனா பார், பட்டன்களை அமுக்கு. எட்டாவதில், பழைய குறிப்பு அட்டையில் இருப்பது, மைக்கில் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிக் கேட்க வேண்டும் என்று. செல்வி ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஒவ்வொரு செட்டையும் எடுத்து, "ஹலோ, சாப்டீங்களா?" ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், விளையாட்டு என்றுதான் நினைத்தேன். பெர்னார் விடவில்லை, ஏன் என்று கேட்கச் சொன்னார்.

"ஒண்ணு ரெண்டுன்னு சொன்னா கோளாறு தெரியாதுக்கா. 'சா' சொல்லும்போது காத்து கலந்திருந்தா உஸ்ஸுன்னும். 'ப்டீ'ல மைக்கு லூசா இருந்தா டப்புன்னு அடிக்கும். ரெண்டும் இல்லன்னா நல்ல செட்டு."

பெர்னார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பழுதென்று திரும்பி வந்த செட் இந்த ஆலையில் ஏன் அவ்வளவு குறைவு என்று அவர்கள் ஆபீசில் பல வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்களாம். எட்டாம் படி மாற்றி எழுதப்பட்டது. லீயும் சொல்லிப் பழகினாள். "சாப்-தீங்-லா." செல்வி சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். அவளுடைய எட்டு வருஷக் காதை ஒரே வரியில் எழுதிக் கொடுத்தாயிற்று, என் கையெழுத்தில்.

டீ குடிக்கும்போது பெர்னாரிடம் மார்த்தினைப் பற்றிக் கேட்டேன். எட்டு வருஷத்துக்கு முன் இந்த லைன் அவர் ஊரிலிருந்துதான் இங்கே வந்தது. சொல்லிக்கொடுக்க வந்தவள் மார்த்தின். இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றிப் போடுகிறாளாம். வேறு வேலை கிடைக்க இரண்டு வருஷம் ஆனதாம்.

அவள் கிளம்பிய நாள் ஞாபகம் வந்தது. செல்வியைக் கட்டிக்கொண்டு அழுதாள், தன் கழுத்துத் துணியை அவிழ்த்துக் கொடுத்தாள். சொன்னது இது: எங்கள் ஆலையை மூடிவிட்டார்கள், இது என் நாற்காலி, பத்திரமாகப் பார்த்துக்கொள். நான் செல்விக்குச் சொன்னது வேறு. "உன்ன விட்டுப் பிரிய மனசு வரலையாம்." முதல் வேலையில் சேர்ந்த பெண்ணின் முகத்தைக் கெடுப்பானேன் என்று நினைத்தேன். தனக்காக ஒரு வெள்ளைக்காரி அழுதாள் என்று செல்வி இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மழை நாளில் தலையில் அந்தத் துணிதான்.

14-10, வெள்ளி

சீனாக்காரர்கள் கிளம்பினார்கள். செல்வி கண்ணாடி வளையல் ஒரு டஜன் வாங்கி வந்திருந்தாள். லீயின் கையில் தானே போட்டுவிட்டாள். "அக்கா, உன்ன விட்டுப் பிரிய மனசு வரலன்னு சொல்லுக்கா." நான் இங்கிலீஷில் சொல்ல, காமிராக்காரன் சீனத்தில் சொன்னான். லீ செல்வியின் கையை விடவில்லை. நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

பாரிஸிலிருந்து அண்ணன் போன். எப்போது வருகிறாய் என்று. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததால் எங்களுக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட். எனக்குப் போக ஒரு கதவு இருக்கிறது. அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருப்பது சுலபமாக இருக்கிறதோ என்னவோ.

17-10, திங்கள்

விடாத மழை. பஸ் ரெட்டியார்பாளையத்தில் அரை மணி நேரம் நின்றது. நேற்று கோயிலில் பாவசங்கீர்த்தன வரிசையில் நிற்காமல் பின்வாசல் வழியாக வந்துவிட்டேன்.

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். முழுசாக இல்லாவிட்டாலும் ஜாடையாக. ஃபாரம் போட்டு வை, நஷ்டமா என்ன என்றேன். இன்டர்வியூ ஷிப்ட் நேரத்தில் வரும், லீவு கேட்டால் காரணம் தெரிந்துபோகும், சூப்பர்வைசர் போஸ்ட் வரும் நேரத்தில் பேர் கெடும் என்றாள். அப்புறம் என் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"நீ ஜி.எம். ரூம்ல இருக்கிறவ. கம்பெனிக்கு இன்னா ஏதுன்னு உனக்குத் தெரியாம இருக்காது. நீயே சொல்லு. ஏதாவது இருக்குதா?"

பஸ்ஸில் நாற்பது பேர். முன்சீட்டில் சூப்பர்வைசர். மழைச் சத்தம். இதெல்லாம் காரணம் இல்லை. காதில் சொல்ல ஒரு நிமிஷம் போதும்.

"ஒண்ணும் இல்ல செல்வி."

"நீ சொன்னா சரி."

ஃபாரத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, பையனுக்குத் தீபாவளிக்கு என்ன கலர் சட்டை எடுக்கலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டாள். நான் ஊதா என்றேன்.

19-10, புதன்

அம்மாவுக்கு மாத்திரை (ஒருவழியாக). செருப்பு வார் அறுந்தது. ஜி.எம்.மிடம் போய், ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் சொல்லிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். கோபப்படவில்லை. எல்லாருக்கும் ஒரே ஒரு ஆள் இருப்பாங்க, என்றார். நியாயம். நியாயத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

நாளைக்குக் கடைசித் தேதி. காலையில் பஸ்ஸில் சொல்லிவிடுவேன். கையெழுத்தாவது ஒன்றாவது.

20-10, வியாழன்

சொல்ல வாய் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள். ஃபாரத்தை நேற்று சாயங்காலமே பக்கத்து வீட்டுக் கலாவிடம் கொடுத்துவிட்டாளாம். கலாவுக்குப் புருஷன் இல்லை, ஆறு மாதமாக வேலையும் இல்லை. நாத்தனார் மூலமாக உடனே ஆஸ்பத்திரியில் கொடுத்தும் ஆயிற்று.

"எனக்குத்தான் வேல இருக்குதே. அது பாவம்."

இனிச் சொல்லி என்ன? சொல்லவில்லை. ஒரு ராத்திரி முன்னால் சொல்லியிருக்கலாம். பதினேழு நாள் முன்னால் சொல்லியிருக்கலாம்.

28-10, வெள்ளி

பிரான்சிலிருந்து பெரியவர் ஒருவர் வந்திருந்தார், கறுப்புக் கோட்டு. மூன்று மணிக்கு எல்லாரையும் பேக்கிங் ஹாலுக்கு வரச் சொன்னார்கள். வாசலிலேயே தீபாவளி ஸ்வீட் பாக்கெட் கொடுத்தாகிவிட்டது, அதனால் நல்ல சேதிதான் என்று வந்து நின்றார்கள். முதல் வரிசையில் செல்வி.

அவர் ஒரு வாக்கியம் பிரெஞ்சில், நான் ஒரு வாக்கியம் தமிழில். இந்தத் தடவை எதையும் மாற்றவில்லை, குறைக்கவில்லை. லைன் சீனாவுக்குப் போகிறது. டிசம்பர் 31 உங்கள் கடைசி நாள். உங்கள் உழைப்புக்கு நன்றி. மைக்கில் என் குரல் யார் குரலோ மாதிரி இருந்தது.

பாக்கெட் காகிதம் சரசரக்கும் சத்தம் மட்டும். பின்னாலிருந்து, பேக்கிங் பார்க்கும் தேவகி கேட்டாள்: "அப்ப அந்தப் பொண்ணுக்கு நாங்க இன்னாத்துக்குச் சொல்லிக் குடுத்தோம்?" மொழிபெயர்த்தேன். பெரியவர் ஜி.எம்.மைப் பார்த்தார்.

செல்வி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

கடிதத்தின் தமிழ்ப் படிவத்தை நோட்டீஸ் போர்டில் நானே குத்தினேன். மேலே தேதி: 29 செப்டம்பர். கீழே மொழிபெயர்ப்பு என்று போட்டு என் பெயர். செல்வி நின்று கடைசி வரை படித்தாள். பஸ்ஸில் எனக்கு இடம் பிடிக்கவில்லை. டிரைவர் பக்கத்துப் பெட்டிமேல் உட்கார்ந்து வந்தேன்.

30-10, ஞாயிறு

தூறல். பூசைக்குப் போகவில்லை. அம்மா கேட்டதற்குத் தலைவலி என்றேன். ஆட்டுக்கறி அரைக் கிலோ, அடுப்பில் மறந்து கரைய விட்டுவிட்டேன்.

பதினொன்றரைக்கு போன். எங்கள் லைன் செட்தான், கீறல் விழுந்ததென்று ஸ்டாஃபுக்குக் கொடுத்தது. எடுத்தேன். காயின் போன் சத்தம், பின்னால் கடல்காற்று. செல்வி எப்போது அடித்தாலும் முதல் வார்த்தை சாப்டீங்களாதான். இன்றைக்கு இல்லை.

"அக்கா. போர்டுல போட்டிருக்கிறது பிரான்ஸ்ல எழுதுன தேதி. உனக்கு எப்பத் தெரியும்?"

கடிதம் என் கைக்கு வந்ததே 24ஆம் தேதிதான் என்று சொல்லியிருக்கலாம். இந்த நோட்டைத் தவிர வேறு சாட்சி கிடையாது. நம்பியிருப்பாள்.

"மூணாம் தேதி."

"பஸ்ல நான் கேட்டப்போ தெரியும்."

"தெரியும்."

மூச்சு விடுவது கேட்டது. உஸ் இல்லை, டப் இல்லை. நல்ல செட்.

"கலாவுக்கு வேல கெடச்சிடுச்சு. நாளைக்குச் சேர்றா."

மார்த்தின் அன்றைக்கு உண்மையில் சொன்னது என்ன என்றும் இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. செல்வி, ஒரு நிமிஷம் என்றேன். அதற்குள் ஒரு ரூபாய் நேரம் முடிந்து லைன் போனது.

போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் இன்னொரு காசு போடவில்லை.