விடுபட்ட பக்கத்துக்கு ஓர் அட்டை

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலம். நீயும் பாப்பாவும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் தினமும் வேலைக்குப் போகிறேன். அம்மாவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, வாயும் அப்படியே இருக்கிறது. உன் பேச்சை மட்டும் எடுக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருப்பதால், மிச்சமிருக்கிற எல்லோரையும் திட்டித் தீர்க்கிறாள்.

ஆனால் இந்தக் கடிதம் நலம் விசாரிக்க இல்லை. நேற்று உன் படத்தைப் பார்த்தேன்.

எங்கள் நூலகத்தில் நடக்கும் வேலை பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். எல்லா ஊர்க் கிளை நூலகங்களும் தங்களிடம் இருக்கும் பழைய புத்தகம், ஆண்டு மலர், படம் எல்லாவற்றையும் எங்கள் ஸ்கேன் அறைக்கு அனுப்புகின்றன. நாங்கள் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வலைத்தளத்தில் ஏற்றுகிறோம். ஏற்றியதைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. மடிந்த மூலை, தலைகீழான பக்கம், ஓரத்தில் வந்து விழுந்த கட்டைவிரல் என்று பிழை பிடித்துப் பிடித்தே எனக்குக் கண் பூத்துவிட்டது.

நேற்று உன் ஊர்க் கிளையின் ஆண்டு மலர். 'எங்கள் தையல் வகுப்பு' என்று ஒரு பக்கம். முன்வரிசையில் நீ, கையில் கத்தரிக்கோல், மடியில் பாப்பா, வாயெல்லாம் பல். நீ அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று! ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். அடுத்த நிமிடம் கீழே என்ன பெயர் போட்டிருக்கிறது என்று தேடினேன். படத்துக்குக் கீழே உன் புதுப் பெயர்தான் இருக்கிறது. பெயரை மாற்றிவிட்டாய், முகத்தை என்னடி செய்வாய்?

கட்டினவன் உன் கையை உடைத்தபோது போலீஸ் ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்கப் போனோம். "குடும்பம்னா நாலும் இருக்கும்" என்று சொல்லி அவனோடேயே அனுப்பி வைத்தார்கள். அதற்குப் பிறகு நீ ஓடிப்போன ஊரிலும், போனை வைத்தே மோப்பம் பிடித்து வாசலில் வந்து நின்றான். அதனால்தானே போனே வேண்டாம் என்று, நீ நூலக முகவரிக்கும் நான் தையல்கடை அம்மா முகவரிக்கும் எழுதிக்கொண்டிருக்கிறோம்? இவ்வளவும் செய்துவிட்டு, கேமராவுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறாயே!

உடனே பதில் போடு.

உன் அக்கா

—

மார்ச் 11

என் அக்காவுக்கு,

திட்டு. நன்றாகத் திட்டு. உன் கடிதத்தைத் தையல்கடையிலேயே நின்றபடி படித்தேன். கடை அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

நான் வேண்டுமென்றா உட்கார்ந்தேன்? பின்னால்தான் நின்றேன். கிளை நூலகர் அம்மா, "நீ உயரம் கம்மி, முன்னாடி வா"ன்னு கையைப் பிடித்து இழுத்துவிட்டார். மலர் என்றால் நம் ஊரில் நாலு பேர் வாங்கி, அதிலும் இரண்டு பேர் அலமாரியில் போட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அது உன் மேஜைக்கு வந்து, அங்கிருந்து ஊரெல்லாம் போகும் என்று கனவா கண்டேன்?

நீ கேட்பாய், நூலகத்துக்குத்தான் போக வேண்டுமா என்று. வேறு எங்கே போவேன், சொல்லு. இந்த ஊருக்கு வந்த புதிதில் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு காசில்லாமல் உட்கார்ந்திருக்க அந்த ஒரு இடம்தான் இருந்தது. யாரும் "நீ யாரு, எங்கேருந்து வர்றே"ன்னு கேட்கவில்லை. அங்கேதான் தையல் கற்றேன், அதை வைத்துத்தான் இந்த வேலையே கிடைத்தது. பாப்பா இப்போது தானாகவே அட்டையைக் கொடுத்துப் புத்தகம் வாங்குகிறாள். பெரிய மனுஷி மாதிரி "ரெண்டு வாரம்தானே?" என்று கேட்கிறாள்.

உன் கடிதம் வந்ததிலிருந்து ஜன்னலைத் திறக்கவில்லை. தெருவில் வண்டி நின்றால் ஊசி கைதவறிப் போகிறது. அக்கா, அந்தப் பக்கத்தை எடுத்துவிடேன். உனக்கு ஒரு பொத்தானை அழுத்துகிற வேலைதானே?

உன் தங்கச்சி

—

மார்ச் 16

அன்புத் தங்கச்சிக்கு,

அவன் இங்கே வந்திருக்கிறான்.

பயப்படாதே என்று எழுத வேண்டும். எழுத வரவில்லை. எனக்கே பயமாக இருக்கிறது. மாதம் ஒருமுறை வலைத்தளத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று வாசகர்களுக்கு வகுப்பு எடுப்பேன். செவ்வாய்க்கிழமை திரும்பிப் பார்த்தால் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். வெளுத்த சட்டை, படிய வாரின தலை, முகமெல்லாம் மரியாதை. உறுப்பினர் அட்டையும் வாங்கிவிட்டான். எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பதை அவனுக்கும் சொல்லிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய? "உங்களுக்கு மட்டும் இல்லை" என்று சொல்ல இது என் வீடா?

வகுப்பு முடிந்ததும் கிட்டே வந்தான்.

"நல்லா இருக்கீங்களா அக்கா? அத்தைக்குக் கால் எப்படி இருக்கு?"

"இருக்காங்க."

"அவ எந்த ஊர்ல இருந்தாலும் லைப்ரரிக்குப் போகாம இருக்க மாட்டா. எனக்குத் தெரியாதா? இப்ப எல்லா ஊர் லைப்ரரியும் உங்க கம்ப்யூட்டர்லயே இருக்குன்னு பேப்பர்ல பார்த்தேன். நல்ல வேலை பண்றீங்க."

அன்றிலிருந்து தினமும் வருகிறான். கிளை நூலக மலர்களை அகர வரிசையில் ஒவ்வொரு ஊராகத் திறந்து, ஒவ்வொரு பக்கமாகப் பார்க்கிறான். வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனாலும் இங்கேதான் வருகிறான், நான் பார்க்க வேண்டும் என்று. நான் அவன் பின்னால் நடக்கும்போது எந்த ஊர் வரை வந்திருக்கிறான் என்று திரையில் தெரிகிறது. அந்த வரிசையில் உன் ஊர் கடைசிக்குக் கிட்டத்தில்தான் வருகிறது என்பதுதான் ஒரே ஆறுதல்.

பொத்தானை அழுத்துகிற வேலைதான், ஆனால் அந்தப் பொத்தான் என்னுடையது இல்லை. தலைமை நூலகரிடம் கேட்டேன். நல்ல மனிதர், ஆனால் விதி என்றால் விதி. படத்தில் இருப்பவரே கைப்பட எழுதித் தர வேண்டுமாம், முகவரியும் சான்றும் வைத்து. "ஆளாளுக்கு வந்து இதை எடு, அதை எடுன்னா அப்புறம் இது நூலகமா இருக்காதும்மா" என்றார். நானே பல பேரிடம் சொன்ன வார்த்தை அது.

நீ எழுதித் தருகிறாயா?

அக்கா

—

மார்ச் 22

அக்கா,

முகவரி வைத்துக் கடிதமா? அது எத்தனை மேஜை தாண்டும், யார் யார் கண்ணில் படும்? போன தடவை என் முகவரியைப் பாப்பாவின் அப்பாவுக்குக் கொடுத்தது யார் என்று உனக்கு மறந்துவிட்டதா? போன் கம்பெனி ஆபீஸில் ஒரு பையன். "கோபிச்சுட்டுப் போயிட்டா சார், எப்படியாவது சேர்த்து வையுங்க"ன்னு அவர் அழுதிருக்கிறார். பாவம், நம்பிவிட்டான். அவர் அழுதால் யார்தான் நம்ப மாட்டார்கள்? நானே எத்தனை முறை நம்பியிருக்கிறேன்.

கிளம்பிவிடலாம் என்று பையை எடுத்து வைத்தேன். பாப்பா ஒன்றும் கேட்காமல் தன் பள்ளிக்கூடப் பையிலிருந்த புத்தகத்தை எல்லாம் எடுத்துவிட்டு, துணியை மடித்து வைக்க ஆரம்பித்தாள். இவ்வளவு சின்ன வயசில் அவளுக்கு இது பழகிப் போய்விட்டதே என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பையைப் பிரித்துவிட்டேன். இந்த ஊரை விட எனக்கு மனசு வரவில்லை அக்கா. கடை அம்மா இந்த மாதத்திலிருந்து ரவிக்கை வெட்டுகிற வேலையே எனக்குத் தந்திருக்கிறார்.

நீ ஒரு பக்கத்தைக் கூடக் கசக்காதவள் என்று தெரியும். சின்ன வயதில் நான் புத்தகத்தில் மூலை மடித்ததற்கு இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தவள் நீ. ஆனாலும் கேட்கிறேன். அதை எடுத்துவிடு. யாரையும் கேட்காமல் எடுத்துவிடு. உன் காலில் விழுகிறேன் என்று வைத்துக்கொள்.

உன் தங்கச்சி

—

மார்ச் 29

தங்கச்சி,

இந்தக் கடிதத்துக்கு முன்பே கிளை நூலகர் அம்மா வந்து உன்னிடம் சொல்லியிருப்பார். சொல்லியிருக்க வேண்டும். பக்கத்துக் கடை போனிலிருந்து அவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "நான் பார்த்துக்கறேன், வைங்க"ன்னு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று இதையும் எழுதுகிறேன். எல்லாம் என்னால் வந்தது.

உன் கடிதம் வந்த அன்றே பக்கத்தை எடுத்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் நான் செய்த முதல் திருட்டு வேலை. எடுத்த கையோடு, அந்த இடத்தில் அட்டையையும் வைத்துவிட்டேன்.

அட்டை என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது. ஒரு புத்தகத்தில் பக்கம் கிழிந்து போயிருந்தால், அது தெரியாமல் அடுத்த பக்கத்தை ஒட்டிவிடக் கூடாது. 'இப்பக்கம் விடுபட்டுள்ளது' என்று ஒரு சாம்பல் நிற அட்டையை அந்த இடத்தில் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் படிப்பவரை ஏமாற்றுவதாகும். இதைப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே நான்தான். கை தானாகச் செய்துவிட்டது. செய்தோம் என்றுகூடத் தோன்றவில்லை. அன்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன், தெரியுமா?

நேற்று மதியம் கையை உயர்த்தி என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"இத்தனை ஊரைப் பார்த்துட்டேன். எல்லா மலரும் முழுசா இருக்கு. இதுல மட்டும் ஒரு பக்கத்தைக் காணோமே."

"அவங்க அனுப்பினதுலயே இருந்திருக்காது."

"இருக்கும், இருக்கும். ஆனா முன்னாடி பொருளடக்கத்துல 'எங்கள் தையல் வகுப்பு'ன்னு போட்டிருக்கு."

நான் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் முகத்துக்கு எதையும் மறைக்கத் தெரியாது என்று உனக்குத்தான் தெரியுமே.

"ரொம்ப நேர்மையா வேலை பாக்குறீங்க அக்கா" என்று சொல்லி, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போனான். இன்று வரவில்லை. அவன் வராத நாற்காலியைப் பார்ப்பது, அவன் உட்கார்ந்திருந்ததைவிடப் பயமாக இருக்கிறது.

ஒழுங்காகப் பொய் சொல்லக் கூடத் தெரியாத அக்காவாக இருந்துவிட்டேன். அட்டை வைக்காமல் விட்டிருந்தால் அவன் அடுத்த ஊருக்குப் போயிருப்பான். எங்கேயாவது போய்விடு. எனக்குச் சொல்லாதே. கிளம்பிவிட்டேன் என்று ஒரே ஒரு வரி மட்டும் எழுது.

அக்கா

—

அக்காவுக்கு,

தேதி போடவில்லை. உறையில் இருக்கும் முத்திரையையும் நம்பாதே, வேறு ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன். நானும் பாப்பாவும் உயிரோடு நன்றாக இருக்கிறோம். முதலில் அதைப் படித்துக்கொள்.

கிளை நூலகர் அம்மா நூலகத்தைப் பாதியில் பூட்டிவிட்டு ஓடி வந்தார். மறுநாள் விடிந்ததும் பஸ் நிலையத்துக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார். பஸ் வந்து நின்றது. அதிலிருந்து பாப்பாவின் அப்பா இறங்கினார். வெள்ளைச் சட்டை. நாங்கள் ஏற வேண்டிய பஸ் அதுதான் அக்கா. டிக்கெட் கொடுக்கும் இடத்துக்குப் பின்னால் பாப்பாவை அணைத்துக்கொண்டு நின்றேன். அவள் மூச்சுக்கூட விடவில்லை. அவர் டீக்கடைக்காரரிடம் போய், "இங்க லைப்ரரி எந்தப் பக்கம்ங்க?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அவ்வளவு மரியாதையாகக் கேட்டார். டீக்கடைக்காரர் கையை நீட்டி வழி காட்டினார். அவர் அந்தப் பக்கம் திரும்பி நடந்த பிறகு ஏறினோம். அவர் உட்கார்ந்து வந்த இருக்கையாக இருக்குமோ என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, கடைசியில் நின்றுகொண்டே வந்தேன்.

உன் மேல் கோபம் இருக்கிறதா என்று கேட்டால், முதல் நாள் இருந்தது. நிறைய இருந்தது. ஒரு பக்கத்தை எடுக்கத் தெரிந்தவளுக்கு அந்த அட்டையை வைக்காமல் இருக்கத் தெரியவில்லையே என்று பஸ் முழுக்க உன்னைத் திட்டினேன். இப்போது இல்லை. எடுக்க மாட்டாய் என்று நினைத்திருந்தேன், எனக்காக எடுத்தாய். அதுவே எனக்குப் போதும்.

ஆனால் இனி எழுத மாட்டேன். அவர் திரும்பவும் உன்னிடம்தான் வருவார், உன் முகத்தைத்தான் பார்ப்பார். அதில் படிக்க ஒன்றும் இருக்கக் கூடாது. அம்மாவிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லு. திட்டினால் திட்டிக்கொள்ளட்டும். நீ நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணாடியை மாற்று. என்னைத் தேடாதே அக்கா. உன் வலைத்தளத்தில் கூடத் தேடாதே, நான் அதில் இருக்க மாட்டேன்.

வந்த மறுநாளே பாப்பா கேட்டாள், "அம்மா, இந்த ஊர்ல லைப்ரரி எங்கே?" இங்கே லைப்ரரியே கிடையாது என்று சொல்லிவிட்டேன். அடுத்த தெருவிலேயே இருக்கிறது. அவள் கண்ணில் படாமல் சுற்று வழியாகக் கடைக்குக் கூட்டிப் போகிறேன்.

உன் தங்கச்சி