அட்டையில் இல்லாத பேர்

ஆம்பூர், 12-9-1979, மாலை ஆறரை மணி. உங்கள் குழுவின் ராக் இசைத்தட்டை நான்கு தடவை கேட்டாயிற்று.

டேய் தோஸ்த்,

பதினெட்டு நிமிஷப் பாட்டின் நடுவே விருந்தாளியாக வந்து பறை அடித்தவர் என் அப்பா. ஸ்டூடியோ வாசலில் வைக்கோல் கொளுத்திப் பறையைக் காய்ச்சியதும் அவர்தான். அட்டையிலோ பறைக்கு நேரே, டிரம்ஸ் வாசிக்கும் உன் மாமாவின் பேர். மேடையில் பறை அடிக்கப்போவதும் அவராம்.

"என் பேரு எங்கடா போட்டுக்கீறாங்க?" என்றார் அப்பா. அவருக்குப் படிக்கத் தெரியாது. உன் மாமா பேரைத் தொட்டு, இதுதான் என்றேன். தடவிப் பார்த்துச் சிரித்தார்.

சனிக்கிழமை, வேலூர்க் கச்சேரியில்:

1. நான் செய்த ஆம்ப்ளிஃபயரை நானே இயக்குவேன்.

2. பறைக் கட்டம் வந்ததும் உன் மைக்கைத் தவிர மற்றதை எல்லாம் அணைத்துவிட்டு, உன் மாமாவுடையதை முழுச் சத்தத்தில் வைப்பேன். பறை தெரிந்தால் அடிக்கட்டும்.

3. அப்பா வெளியே பறையைக் காய்ச்சிக்கொண்டிருப்பார். நீ மைக்கில் கன்னியப்பன் என்று அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் உள்ளே வருவார்.

இப்படிக்கு,
உன் ஆம்ப்ளிஃபயர்க்காரன்