உப்புச்சக்கரை மாற்றிய பிறகு

மாப்பிள்ளை,

இன்று காங்கேயத்தில் என் தங்கை மகளுக்கு உப்புச்சக்கரை மாற்றினார்கள். சம்பந்தம் உறுதியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வைத்தால் வரமாட்டேன் என்று நான் அடம்பிடித்ததால் புதன்கிழமை. தாய்மாமன் முறைக்கு எட்டு ஜில்லாவிலும் என்னை விட்டால் ஆளில்லை என்பதுபோலத் தட்டை முதலில் என்னிடம் நீட்டினார்கள். உப்பைத் தொட்டதும் உன் ஞாபகம் வந்து தொலைத்தது.

மண்ணரை ஊரில் நமக்குப் பதினாறு தையல் மெஷின் இருந்த காலம். உலகத்துக்கே பனியன் போட்டுவிடும் சாம்ராஜ்யம் அது என்று ஊரெல்லாம் அளந்துகொண்டிருந்தேன். எனக்கு இங்கிலீஷில் கையெழுத்து மட்டும் வரும். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையருக்கு மெயில் அடிப்பவன், என் அக்கா மகன் நீ. ஒருநாள் அதில் 'பேக் அவுட்' என்று நீ வாய்விட்டுப் படித்தாய். அர்த்தம் கேட்டேன்.

"உப்புச்சக்கர மாத்துன பொறகு கல்யாணத்துக்கு வரமாட்டேன்னா, அது பேக் அவுட்டுங்க மாமா."

"மாத்தறதுக்கு முன்னாலயே வேண்டாம்னுட்டா?"

"அது வெறும் வேண்டாமுங்க. ஒத்துக்கிட்டு நழுவுனாத்தான் இந்த வார்த்தையப் போடோணும்."

"அப்படீன்னா நாமளும் மாத்திக்குவோம் வாடா!"

டீக்கடையில் உப்பும் சக்கரையும் வாங்கிவந்து கட்டிங் டேபிளில் மாற்றிக்கொண்டோம். டெய்லர்கள் கைதட்டினார்கள். பையர் வரும் நாளில் நீ பேச வேண்டும், நான் சிரிக்க வேண்டும். அதுதான் ஒப்பந்தம்.

பையர் வந்தார். நீ வரவில்லை. போன் சுவிட்ச் ஆஃப். இரண்டு மணி நேரம் சிரித்தேன். என் தாடை இன்னும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அவர் என்னவோ கேட்டார். தெரிந்த ஒரே இங்கிலீஷை எடுத்துவிட்டேன்: "நோ பேக் அவுட்! நோ பேக் அவுட்!" கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

மறுவாரம் அந்த ஆர்டர் பல்லடம் ரோட்டில் வேறொரு கம்பெனியில் ஓடியது. மேனேஜர் நாற்காலியில் நீ.

நம் மெஷின்களை லாரியில் ஏற்றிய அன்று டெய்லர் சரசக்கா, "ஏனுங்க, தம்பி ஒரு வார்த்த சொல்லீட்டுப் போயிருக்கலாமில்லீங்க?" என்றார். நான் லாரிக் கயிற்றை இன்னொரு சுற்று இழுத்துக் கட்டினேன்.

மூன்று வருஷம் கழித்து உன் போன்.

"ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வர்றனுங்க மாமா. ஏன் அப்படிப் பண்ணுனேன்னு சொல்லோணும்."

"வா வா, உனக்காக அருவாளத் தீட்டி வெக்கறேன்."

தீட்டவில்லை. நாட்டுக்கோழிக்குச் சொல்லிவைத்தேன். சனிக்கிழமை பஸ் ஒன்று உன் பைக்கை இடித்தது. ஞாயிற்றுக்கிழமை நான்தான் உன் வீட்டுக்கு வந்தேன்.

வருகிறேன் என்று ஒத்துக்கொண்டவன் நீ. இதற்கும் அந்த வார்த்தையைப் போடலாமா, கூடாதா? கேட்க உன்னை விட்டால் எனக்கு யார்?

செத்தவனிடம் கோபம் கூடாது என்கிறார்கள். எனக்கு இமயமலை உயரத்துக்கு இருக்கிறது. ஆனாலும் மாற்றிய உப்புச்சக்கரையிலிருந்து நான் நழுவவில்லை, மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் எங்கும் போவதில்லை.