சேலைத் தலைப்பைப் பிடித்திருந்த கை

அண்ணாச்சி,

தங்கை மகளுக்கு அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். எந்த நிறம் பட்டுச்சேலைக்குப் பொருந்தும் என்று பார்க்கிறாளாம். காலையிலிருந்து கூடத்தில் உட்கார்ந்து விரலுக்கு ஒரு நிறமாக நகப்பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறாள். வீடு முழுக்க அந்த வாடை. சன்னலைத் திறந்தேன், மாடிக்குப் போய் நின்றேன், இறங்கி வந்தேன், மறுபடி ஏறினேன். "என்ன பெரியம்மா, கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்கிறாள். அவளிடம் எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? நீங்கள் போய் ஆறு மாதமாகிறது. விளக்கமே சொல்லாமல் புரிந்துகொள்கிறவர் நீங்கள்தான் என்பதால் உங்களுக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்கு இந்த வாடை பிடிக்கும். தொண்ணூறுகளில் நம் பல்கலைக்கழகக் கலைக்கூடத்துக்கே உரிய வாடை இதுதான். நான் தலைமைக் காப்பாட்சியர், நீங்கள் பதிவேட்டு எழுத்தர், வாசலில் ஒரு காவலாளி. மூன்று அறையும் ஒரு வராந்தாவும் நம் ராஜ்ஜியம். அந்த மூன்று அறையையும் பிடுங்கி விடைத்தாள் கட்டுகளை அடுக்க வேண்டும் என்று தேர்வுப் பிரிவு கண் வைத்திருந்தது. மாதம் ஒருமுறை நீங்கள் டவுன் ரத வீதிக்குப் போய் வளையல் கடையில் நிறமில்லாத நகப்பாலிஷ் வாங்கி வருவீர்கள். பொருளின் மறைவான இடத்தில் அதில் ஒரு பூச்சு, காய்ந்ததும் அதன்மேல் கறுப்பு மையில் எறும்பளவு எண், எண்ணின் மேல் இன்னொரு பூச்சு. வேண்டாமென்றால் பாலிஷ் அழிக்கிற திரவத்தில் பஞ்சை நனைத்துத் தடம் தெரியாமல் துடைத்துவிடலாம். கல்லானாலும் சுடுமண்ணானாலும் இதுதான் முறை.

ஒருநாள் நானும் கூட வந்திருந்தேன். கடைக்காரர் உங்களை விடவில்லை. "ஏன்வே, கலரே இல்லாத பாலிஷை வாங்கி என்னவே செய்யுதீரு? போட்டாலும் தெரியாது, போடாட்டியும் தெரியாது."

"தெரியக்கூடாதுன்னுதான்வே வாங்குதேன்" என்றீர்கள். அன்று வழிநெடுக நான் சிரித்துக்கொண்டே வந்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அது உங்களுக்கு வேடிக்கையான விஷயம் இல்லை என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வள்ளியூர் அக்காவின் படம் நம்மிடம் வந்தது அந்த வருடம்தான். கண்ணாடியின் பின்பக்கம் தீட்டி முன்பக்கமாகப் பார்க்கிற ஓவியம், இரண்டடி உயரம். அரக்குச் சேலை கட்டிய ஓர் இளம் பெண் நாற்காலியைப் பிடித்தபடி நிற்கிறாள். பக்கத்தில் நாலு வயதுக் குழந்தை, அம்மாவின் சேலைத் தலைப்பை ஒரு கையால் இறுகப் பிடித்திருக்கிறது. அந்தக் குழந்தைதான் வள்ளியூர் அக்கா. படம் எழுதிய வருடமே அம்மா இறந்துபோனாள். புகைப்படம் கிடையாது. அம்மாவின் முகம் என்று அக்காவுக்கு இந்த உலகத்தில் இருந்தது அந்தக் கண்ணாடி ஒன்றுதான்.

பூர்வீக வீட்டைப் பிரித்தபோது அவருடைய அண்ணன் அதை நமக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டார். தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கியவள் நான். தங்கை ஒருத்தி இருப்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வாங்கியிருப்பேன், அவ்வளவு ஆசை எனக்கு அந்தப் படத்தின் மேல்.

பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அக்கா பஸ் ஏறி வரத் தொடங்கினார். படத்துக்கு எதிரே நிற்பார், மதிய பஸ்ஸுக்குப் போய்விடுவார். நீங்கள் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டீர்கள். நான் எடுக்கச் சொன்னேன். மறுவாரம் திரும்பவும் அது அங்கே இருந்தது.

"இது கலைக்கூடமா, பஸ் ஸ்டாண்டா அண்ணாச்சி?"

"கையெழுத்துப் போட்டவரு ஒருநாளும் எட்டிப் பாக்கல மேடம். வாரவுகளாவது உக்காரட்டுமே."

தை அமாவாசை நெருங்கியபோது அக்கா என்னிடம் வந்து கேட்டார். "ஒரே ஒரு நாளைக்குக் குடுங்க மேடம். அம்மைக்கு மாலை போட்டுட்டு மறுநாளே கொண்டாந்து தந்திருதேன்." விதி இடம் கொடுக்காது என்றேன். எண் போட்டுவிட்டால் பொருள் நம்முடையது, வாசலைத் தாண்டாது என்று நீட்டி முழக்கி விளக்கமும் சொன்னேன். உண்மையில் அந்தப் படத்துக்கு அப்போது எண் போட்டிருக்கவில்லை. நீங்கள் மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தீர்கள். "படத்தோட சட்டத்தைக் கரையான் அரிச்சிட்டு மேடம். புதுச் சட்டம் வரட்டும், மரத்துல போடுதேன். கண்ணாடில கைய வைக்கக்கூடாது." தச்சரை அவசரப்படுத்தவும் மாட்டீர்கள். எதற்காக இழுக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும்.

இதோ, நடுவில் எழுந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அந்த நாளை எழுத வேண்டிய இடம் வந்துவிட்டது.

அதற்கு மறுநாள் காலை துணைவேந்தர் அனுப்பிய குழு பார்வையிட வருகிறது. எண் இல்லாத பொருள் ஒன்று கண்ணில் பட்டாலும் நம் அறைகள் போய்விடும் என்று பயந்தேன். நீங்கள் புதுச் சட்டம் வாங்க சைக்கிளில் ஜங்ஷன் தச்சுப்பட்டறைக்குப் போயிருந்தீர்கள். நீங்கள் வரும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. மேசையில் வெள்ளைத் துணியின் மேல் சட்டம் கழற்றிய கண்ணாடி குப்புறக் கிடந்தது. பின்பக்கத்துக் கீழ்மூலையில் வெறும் பழுப்பு வண்ணம். ஒரு விரல் அகலம் போதும் எனக்கு. இந்த ஓவியம் எப்படித் தீட்டப்படுகிறது என்று மாணவர்களுக்கு வகுப்பெடுத்தவள் நான், அண்ணாச்சி! முதலில் கண், விரல், நகை எல்லாம் கண்ணாடியை ஒட்டி எழுதுவார்கள். சேலையும் பின்னணியும் கடைசியில் அதை மூடி வரும். பின்னாலிருந்து பார்த்தால் பழுப்பு மட்டும்தான் தெரியும், அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. கண்ணாடியைத் திருப்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் பார்க்கவில்லை.

உங்கள் பாலிஷை எடுத்து ஒரு பூச்சுப் பூசிவிட்டு மைப்புட்டி தேடப் போனேன். வந்து பார்த்தால் பாலிஷின் காரத்தில் பூச்சு சுருங்கி, பழுப்பு பொங்கி நிற்கிறது. பதறிப் பஞ்சால் துடைத்தேன். பழுப்பு வந்தது. அடியில் அரக்கு வந்தது. அதற்கும் அடியில் மாநிறமாக ஏதோ கொஞ்சம் வந்தது. கண்ணாடி வெறுமையாகிக் கீழே கிடந்த வெள்ளைத் துணி தெரிந்தது. அதற்குப் பிறகுதான் திருப்பினேன்.

அம்மா அப்படியே நின்றாள். குழந்தையும் நின்றது. குழந்தையின் கை மட்டும் இல்லை, அது பிடித்திருந்த சேலை நுனியும் இல்லை.

நீங்கள் சட்டத்தோடு வந்தீர்கள். என் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தீர்கள். திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் வெறுமையான இடத்துக்குப் பின்னால் பழுப்புத் துணி ஒரு துண்டு வைத்து, புதுச் சட்டத்தில் படத்தைப் பொருத்தி, சட்டத்தின் பின்னால் எண் போட்டீர்கள். குழு வந்தது, பாராட்டிவிட்டுப் போனது.

வெள்ளிக்கிழமை அக்கா வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கோப்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி அறை வாசலில் நின்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து கிட்டே போனார்.

"எங்க அம்மை சேலையப் பிடிச்சிருந்த கை எங்க?" என்றார். பிறகு மெதுவாக, "என் கை எங்க?"

நான் வாயைத் திறந்தேன் என்றுதான் இன்று வரை நம்பிக்கொண்டிருக்கிறேன். குரல் உங்களிடமிருந்து வந்தது.

"நான்தாங்க்கா. எண் போடும்போது தவறிட்டு."

 அக்கா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். அதைப் பார்த்துக்கொண்டு நானும் நின்றேன். இரண்டு எட்டு முன்னால் வைத்தால் சொல்லியிருக்கலாம். வைக்கவில்லை.

அன்று மதியம் என் அறைக்கு வந்தீர்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. உங்களை அவ்வளவு கோபமாக நான் பார்த்ததில்லை.

"ஒங்களுக்காகச் சொன்னேன்னு நெனச்சிராதீங்க மேடம். படம் பழுதாயிட்டுன்னு எழுதி, அந்த அக்காட்ட திருப்பிக் குடுங்க. அதுக்குத்தான் சொன்னேன். நீங்க மாட்டிக்கிட்டா இங்கன பூட்டுத்தான் தொங்கும், படமும் உள்ளயே கெடக்கும். கையெழுத்துப் போட ஆளு வேணும்லா?"

இரண்டு தாளில் கையெழுத்துப் போட்டேன். ஒன்று, படத்தைத் திருப்பிக் கொடுக்கும் உத்தரவு. இன்னொன்று உங்களுக்கு மெமோ. 'கவனக்குறைவு' என்ற சொல்லை நானே யோசித்து எழுதினேன். பேனா ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

அக்காவிடம் கொடுப்பதற்கு முன் சட்டத்திலிருந்த எண்ணை நீங்கள் பஞ்சால் துடைத்தீர்கள். ஒரே இழுப்பில் தடமில்லாமல் போய்விட்டது. பிறகு பதிவேட்டை என் முன்னால் விரித்து வைத்தீர்கள். பழுது என்ன, எப்படி, எல்லாம் உங்கள் முத்து முத்தான எழுத்தில் இருந்தது. 'செய்தவர்' என்ற கட்டம் மட்டும் காலி.

"வாயால சொன்னதுக்கு நான் ஆளு. ஏட்டுல பொய் எழுத எனக்கு ஏலாது. அந்தக் கட்டம் ஒங்களுக்கு."

தேர்வுப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் உங்களை. எதிர்ப்பட்டால் "நல்லாயிருக்கீங்களா மேடம்" என்று கேட்டுவிட்டு நிற்காமல் போவீர்கள். கலைக்கூடம் பிழைத்தது. மூன்று அறை ஐந்தானது. மேடை மேடையாக என்னைப் புகழ்ந்தார்கள், நானும் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டேன். வருடாந்தரச் சரிபார்ப்பில் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் வேகமாகப் புரட்டுவேன். ஓய்வு பெற்ற அன்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பொன்னாடையோடு யாரோ உள்ளே வந்தார்கள். பேனாவை மூடிவிட்டேன். இதைவிட வெட்கக்கேடு என் வாழ்க்கையில் இல்லை.

நீங்கள் போன செய்தி எனக்குப் பதினாறாம் நாளுக்குப் பிறகுதான் வந்தது. கலைக்கூடத்துக்குப் போனேன். இப்போதிருக்கும் அதிகாரி நல்ல பெண். பழைய பதிவேட்டை எடுத்துத் தந்தாள். கட்டம் இன்னும் காலியாகவே இருந்தது. என் பெயரை எழுதித் தேதி போட்டேன். பாரம் இறங்கும் என்று நினைத்தேன், இறங்கவில்லை. ஏட்டை யார் படிக்கப் போகிறார்கள்? நீங்கள் வாயால் சொன்னதை நானும் வாயால்தான் மாற்ற வேண்டும்.

கார்த்திகையில் வள்ளியூர் போனேன். அக்காவுக்கு எண்பதை ஒட்டிய வயது. சுவரில் அந்தப் படம், நீங்கள் வாங்கி வந்த சட்டத்தில், நீங்கள் வைத்த பழுப்புத் துணியோடு. என்னை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். "அன்னைக்கு அண்ணாச்சி செய்யல அக்கா. நான் செஞ்சேன்."

அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஒரு தரம் திருப்பிப் பாத்திருக்கலாம்லா?"

இத்தனை வருடம் என்னை நானே கேட்டுக்கொண்ட கேள்விதான். அவர் வாயால் கேட்டபோது என்னால் தாங்க முடியவில்லை. அழுதுவிட்டேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. காப்பி ஆறுகிறது, குடியுங்கள் என்றார்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். "ஒவ்வொரு தை அமாவாசைக்கும் அண்ணாச்சி காலம்பற பஸ்ல வந்திருவாரு. அம்மைக்குப் பிச்சிப்பூ மாலை கொண்டாருவாரு. ஒரு வருசம் தப்பினதில்ல. ஒங்க பேரை அவரு எடுத்ததேயில்ல. இந்த வருசம் மாலை யாரு கொண்டாருவான்னு நெனச்சிட்டே இருக்கேன்" என்றார்.

வருடா வருடம் போயிருக்கிறீர்கள், அண்ணாச்சி. செய்யாத தப்புக்கு மாலை வாங்கிக்கொண்டு! எனக்கு உங்கள் மேல் கோபம்கூட வந்தது. என்னையும் ஒருமுறை கூப்பிட்டிருக்கக் கூடாதா? கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேனா என்பது வேறு விஷயம்.

நாளை தை அமாவாசை. தங்கை மகள் இப்போதுதான் வந்து, "பெரியம்மா, பிரிட்ஜுல ஈரத்துணி சுத்தி என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். பிச்சிப்பூ மாலை என்றேன். நகம் பூராவும் ஈரம், தொட்டுவிடாதே என்றும் சொன்னேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, துணியோடு முகர்ந்து பார்த்தாள்.

காலையில் முதல் பஸ். மாலை நசுங்காமல் வள்ளியூர் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.