அருவிக்கரையில் குழந்தையை வாங்கிப் போனவள்

டிசம்பர் 27, சனி. தென்காசி, மாமியார் வீடு.

விடுமுறைக்கு வந்திருக்கும் பதினான்கு பேரும் இன்று காலை வேன் பிடித்துக் குற்றாலம் போனோம். ஐந்து மாதக் குழந்தையை நாத்தனார் செல்வியிடம் கொடுத்துவிட்டு நான் அருவியில் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவள் கையில் குழந்தை இல்லை.

"பாப்பா எங்க?"

"என்ன மைனி, நீங்கதான இப்பம் வந்து வாங்கிட்டுப் போனிய? பச்சைச் சேல நனஞ்சு சொட்டிச்சு. கூப்பிட்டேன், திரும்பியே பாக்கல."

நான் சுடிதார் போட்டிருந்தேன்.

அலறிக்கொண்டு எல்லோரும் தேடினோம். வேனின் பின்சீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். வேன் பூட்டியிருந்தது. சாவி டிரைவரிடம் இருந்தது.

"கூறு கெட்டவளே, நீயே கொண்டு கெடத்திட்டு மறந்திருப்ப" என்று அத்தை செல்வியை ஏசினார்கள்.

செல்வி அழுதாள். "உங்க மொகந்தான் மைனி, சத்தியமா" என்றாள்.

குழந்தை காலை ஏழு மணிக்குப் பால் குடித்தவள். பதினோரு மணிக்கு வேனில் உட்கார்ந்து மார்போடு அணைத்தேன். வயிறு நிறைந்தவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உதட்டோரம் பால் ஈரம் இருந்தது.

துடைத்துவிட்டேன். அவரிடம்கூட இதைச் சொல்லவில்லை.