சுண்ணாம்புக்குள் போன துரைமார்

15 பிப்ரவரி 1974, வெள்ளி. சக்குபள்ளம்.

துரைமார் கல்லறைகளைச் சுற்றிப் புல்லை வெட்டுங்கள் என்றுதான் சொன்னேன். லயத்துத் தொழிலாளிகள் கோயில் கொடை விழாவுக்குச் செய்வதுபோல் எல்லாக் கல்லறைக்கும் சுண்ணாம்பு அடித்து, மஞ்சள் குங்குமமும் வைத்துவிட்டார்கள். ஒரு கல்லிலாவது பெயர் தெரியவேண்டுமே! தன் தாத்தாவின் கல்லறையைத் தேடி லண்டனிலிருந்து வந்த வெள்ளைக்கார அம்மாள் என் முகத்தைப் பார்க்கிறாள். எஸ்டேட் கிளார்க் நான்தான் பதில் சொல்லவேண்டும்.

ஏலக்காய் பறிக்கும் முத்தம்மா கையில் சுருட்டோடு வந்து ஒன்றைக் காட்டினாள். "இவருதான் அந்தத் துரை. வெள்ளிக்கெழம தோறும் நாந்தான் இவருக்குச் சுருட்டு வைக்கேன்."

அதை அம்மாளுக்கு இங்கிலீஷில் சொன்னேன். அவள் தாத்தா புகையிலையைத் தொட்டதே இல்லையாம்.

முத்தம்மாவிடம் கத்தினேன். அவள் அசரவில்லை. "உசுரோட இருக்கையில தொட்டிருக்க மாட்டாருய்யா. இந்தக் குளிருல கெடந்து பழகிட்டாரு."

அதையும் அப்படியே சொல்லித் தொலைத்தேன்.  அந்த அம்மாள் முத்தம்மாவின் சுருட்டை வாங்கிக்கொண்டு என்னிடம் தீப்பெட்டி கேட்டாள்.

நாளை அவள் ஜீப் ஏறும்வரை அந்தச் சுண்ணாம்பைச் சுரண்டி ஒருவனும் பெயரைப் பார்க்கக் கூடாது.